“அவர் யாருடைய ஆள்?” சொங் காலச் சீன அரசவைச் சண்டைகளில் நட்பும் சம்பந்தமும்

கேள்வி இது: “பழைய சீனாவில் அதிகாரிகளுக்குள் நடந்த கொள்கைச் சண்டைகள் நிஜமாகவே கொள்கைக்காக நடந்தவையா? இல்லை, குரு, சீடன், உறவு, ஊர் என்று கோஷ்டி சேர்த்து அடித்துக்கொண்டுவிட்டு மேலே கொள்கைச் சாயம் பூசினார்களா?”

இரண்டாயிரம் வருடத்துக்கும் சேர்த்துப் பதில் சொன்னால் அது ஒன்றும் சொல்லாத பதிலாகிவிடும். அதனால் எனக்குப் பிடிபட்ட ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 11ஆம் நூற்றாண்டு, வட சொங் அரசு, தலைநகர் கைஃபெங். அந்த அதிகாரிகள் எழுதித் தள்ளிய கடிதங்களும் கவிதைகளும் இறந்தவர்களுக்கு எழுதிய கல்வெட்டு வாசகங்களும் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதைப் பெயர் பெயராகப் பார்க்கலாம்.

என் பதில் சுருக்கமாக: யார் யாருக்கு வேண்டியவர் என்பதை வைத்து, ஒருவர் எந்தப் பக்கம் நின்றார் என்று கண்டுபிடிக்க முடியாது. அடி விழுந்தபோது யார் யாரோடு சேர்ந்து அடி வாங்கினார்கள் என்பதை நன்றாகவே சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். சிபாரிசு என்றதும் நமக்குப் பின்வாசல் ஞாபகம் வரும். சொங் அரசில் சிபாரிசு முன்வாசலிலேயே இருந்தது. தேர்வு எழுதித் தேறி, மாவட்டத்தில் சின்ன வேலையில் கிடக்கும் ஒருவர் தலைநகர்த் தரத்து அதிகாரியாக ஏறவேண்டுமென்றால் மேலதிகாரிகள் ஐந்து பேர் அவருக்காக எழுத்தில் பரிந்துரைக்கவேண்டும். பரிந்துரைத்தவர் ஜாமீன்காரரும்கூட. ஏறியவர் நாளைக்கு லஞ்சம் வாங்கிப் பிடிபட்டால் கையெழுத்துப் போட்டவருக்கும் தண்டனை உண்டு. ஆக, பெரியவர்கள் நாலு பேரைத் தெரிந்துவைத்திராத அதிகாரி மேலே போகவே முடியாது. அதே அரசவையில் ‘பெங்தாங்’, அதாவது கூட்டு சேர்ந்து கட்சி கட்டுவது, பெரிய குற்றச்சாட்டு. பழக்கம் இல்லாமல் பதவி இல்லை. பழக்கம் இருந்தால் குற்றச்சாட்டுக்குச் சாட்சி தயார். இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

அரசர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வம்சத்தை நிறுவிய சொங் தாய்சூ, தேர்வில் தேறியவர்கள் தங்களைத் தேர்வாளரின் ‘வாசல் மாணவர்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 962இல் தடை போட்டார். 973இல் கடைசிச் சுற்றுத் தேர்வை அரண்மனையில் தானே நடத்தினார். எல்லோரும் எனக்கே மாணவர்கள், நடுவில் எந்த வாத்தியாரும் வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் நன்றிக்கடனைத் தடை செய்ய எந்த அரசாணையால் முடியும்? ஒரே வருடம் தேறியவர்கள் ‘ஒரே ஆண்டார்’ என்ற பெயரில் ஆயுள் முழுக்க உறவு கொண்டாடினார்கள். தேர்வாளர் வீட்டு வாசலும் காலியாகவே இல்லை.

ஃபான் ஜொங்யான் கதை இங்கேதான் வருகிறது. 1036இல் அவர் பேரரசரிடம் ஒரு வரைபடம் கொடுத்தார். பெயர் ‘நூறு அதிகாரிகள் படம்’. யார் முறையாக ஏறினார், யார் தலைமை அமைச்சர் லூ யிஜியானின் தயவில் தாவி ஏறினார் என்று ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டியது அது. இன்று ஆய்வாளர்கள் கணினியில் புள்ளியும் கோடுமாகப் போடும் உறவு வலைப்படத்தை ஒரு மனிதர் ஆயிரம் வருடத்துக்கு முன் அரசவையிலேயே விரித்திருக்கிறார். லூ திருப்பிச் சொன்ன குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ஃபான்தான் கட்சி கட்டுகிறார் என்பது. ஃபான் பதவி இழந்து ராவ்ஜோவுக்குப் போனார். அவருடைய ‘கூட்டாளிகள்’ பெயரை அரசவையில் எழுதி ஒட்டினார்கள்.

அதன்பின் நடந்ததுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. யின் ஜூ என்பவர் தானாகவே மனு எழுதினார்: ஃபான் எனக்கு ஆசிரியரும் நண்பரும்; அவர் கட்சி கட்டினார் என்றால் நானும் அந்தக் கட்சிதான், நான் மட்டும் தப்பித்துக்கொள்வது முறையில்லை. அவரையும் அனுப்பினார்கள். கண்டிக்கவேண்டிய இடத்தில் வாய் மூடி இருந்த அதிகாரி ஒருவரைத் திட்டிக் கடிதம் எழுதிய ஓயாங் சியுவும் போனார். ஃபானுக்காகப் பேசிய யூ ஜிங்கும் போனார். இந்த நால்வரையும் புகழ்ந்து, வாய் மூடி இருந்த அந்த ஐந்தாமவரை இகழ்ந்து சாய் சியாங் எழுதிய கவிதையின் பிரதிகள் தலைநகரில் விலைக்குப் போயின. ‘கட்சிக்காரன்’ என்ற வசவைப் பதக்கமாகக் குத்திக்கொள்ளும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

எட்டு வருடம் கழித்து, 1044இல், ஓயாங் சியு ஒரு கட்டுரையில் இதைக் கோட்பாடாகவே ஆக்கினார். கட்சி எல்லாக் காலத்திலும் உண்டு. நல்லவர்கள் அறத்தால் சேருவார்கள், அற்பர்கள் ஆதாயத்தால் சேருவார்கள், ஆதாயம் தீர்ந்ததும் கடித்துக்கொள்வார்கள். அரசர் செய்யவேண்டியது நல்ல கட்சியைத் தேர்ந்தெடுப்பதுதான் என்றார். எழுத்து அபாரம். அரசியலாகப் பார்த்தால் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட வேலை. கட்சி இருக்கிறது என்று நம் வாயாலேயே சொல்லிவிட்டால் எதிராளி வேறென்ன நிரூபிக்கவேண்டும்? ஏறக்குறைய எழுநூறு வருடம் கழித்து, 1724இல், சிங் வம்சத்து யொங்ஜெங் பேரரசர் இதே தலைப்பில் தானே ஒரு கட்டுரை எழுதி, ஓயாங் சியு இன்றைக்கு இருந்தால் கண்டித்திருப்பேன் என்றார். அந்தக் கட்டுரை அவ்வளவு நாள் உறுத்தியிருக்கிறது.

இதே ஓயாங் சியு 1057இல் தலைமைத் தேர்வாளர். அந்த வருடம் தேறியவர்கள் பட்டியல் அடுத்த ஐம்பது வருடச் சண்டையின் பாத்திர அறிமுகம் மாதிரி இருக்கும். சு ஷி (பின்னாளில் சு தொங்போ), அவர் தம்பி சு ஜ, ஸெங் கொங், ஸெங் பு, செங் ஹாவ், ஜாங் ட்சாய், லூ ஹுய்சிங். அந்தச் சுற்றிலேயே தேறியும், அண்ணன் மகன் முறையுள்ள ஒருவர் முதலிடம் பிடித்துவிட்டார் என்ற ரோஷத்தில் பட்டத்தை ஏற்காமல் திரும்பி, 1059இல் மறுபடி எழுதித் தேறியவர் ஜாங் துன். பின்னால் ஒருவரை ஒருவர் நாடு கடத்தப்போகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வகுப்பு.

சு ஷியின் விடைத்தாள் கதையைச் சொல்லியாகவேண்டும். விடைத்தாளில் பெயரை ஒட்டி மறைப்பார்கள். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எழுத்தர்களைக் கொண்டு முழுத் தாளையும் நகல் எடுத்து, நகலைத்தான் திருத்தத் தருவார்கள். இவ்வளவு பாதுகாப்புக்கு நடுவில் ஒரு தாளைப் படித்த ஓயாங், முதலிடம் தரலாம் என்று நினைத்தார். உடனே, இவ்வளவு நன்றாக எழுதுபவன் நம் மாணவன் ஸெங் கொங்காகத்தான் இருப்பான், சொந்த ஆளுக்கு முதலிடம் கொடுத்தோம் என்று பேச்சு வரும் என்று பயந்து இரண்டாமிடத்தில் வைத்தார். பிரித்துப் பார்த்தால் முன்பின் தெரியாத சிச்சுவான் பையன். பாரபட்சம் வந்துவிடுமோ என்ற பயத்தாலேயே ஒருவருக்கு இடம் போயிற்று.

இனி வாங் அன்ஷி. 1069இல் துணை அமைச்சராகி, பேரரசர் ஷென்சொங்கின் முழு ஆதரவோடு நாட்டின் நிதி அமைப்பையே மாற்றப் புறப்பட்டவர். விதைக்கும் காலத்தில் அரசே உழவர்களுக்குக் கடன் கொடுத்து, அறுவடையில் பத்துக்கு இரண்டு வட்டியோடு வாங்கிக்கொள்ளும் ‘பச்சைப் பயிர்’ திட்டம் அவருடையது. வட்டிக்கடைக்காரனிடமிருந்து உழவனைக் காப்பாற்றும் வழி என்றார் வாங். அரசே வட்டிக்கடை வைத்துவிட்டது, வேண்டாதவன் தலையிலும் கடனைக் கட்டுகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். இது நிஜமான கொள்கைச் சண்டை, சந்தேகமே இல்லை. 1070இல் சிமா குவாங் வாங்குக்கு எழுதிய நீண்ட கடிதத்தையும் வாங் எழுதிய சின்னப் பதிலையும் படித்தால், அரசின் வேலை என்ன என்பதிலேயே இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை என்று தெரியும்.

ஆனால் வாங்கை மேலே தூக்கிவிட்டவர்கள் யார் என்று பாருங்கள். ஓயாங் சியுவிடம் அவரை அறிமுகப்படுத்தியவர் ஸெங் கொங். அரசவையில் பரிந்துரைத்தவர் ஓயாங். இளவரசராக இருந்த ஷென்சொங்குக்குப் பாடம் சொன்ன ஹான் வெய், தன் விளக்கத்தை இளவரசர் பாராட்டும்போதெல்லாம், “இது என் கருத்தில்லை, என் நண்பர் வாங் அன்ஷியின் கருத்து” என்பாராம். அரியணை ஏறுமுன்பே அந்தப் பெயர் பேரரசர் காதில் விழுந்தது இப்படித்தான். வாங், சிமா குவாங், ஹான் வெய், லூ கொங்ஜு ஆகிய நாலு பேரும் ‘ஜியாயோ காலத்து நான்கு நண்பர்கள்’ என்று பெயர் வாங்கியவர்கள். இந்தப் பட்டியலில் உள்ள அத்தனை பெரியவர்களும் இரண்டொரு வருடத்துக்குள் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். தன் மாவட்டத்தில் பச்சைப் பயிர்க் கடன் கொடுப்பதை ஓயாங் தானே நிறுத்திவைத்தார். வாங்கின் சொந்தத் தம்பி வாங் அன்குவோவுக்கே அண்ணனின் திட்டங்கள் பிடிக்கவில்லை. ஸெங் வீட்டில் அண்ணன் கொங் விலகி நின்றார்; தம்பி பு, திட்டங்களை வகுத்த முக்கியக் கைகளில் ஒருவர். அந்த ஸெங் வீட்டுப் பெண்தான் வாங் அன்குவோவின் மனைவி. கோஷ்டி உறவால் அமைந்தது என்று இதற்குப் பிறகும் சொல்லத் தோன்றுமா?

வு சுங் என்பவரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவர் மகன் வாங் அன்ஷியின் மாப்பிள்ளை. அவர் மகள்களில் ஒருத்தி ஓயாங் சியு வீட்டு மருமகள். இன்னொருத்தி, சீர்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்த வென் யான்போ வீட்டு மருமகள். மூன்று பக்கமும் சம்பந்தி. இந்த மனிதர் வாங் 1076இல் விலகியபின் தலைமை அமைச்சரானார். சம்பந்தியின் திட்டங்களை நல்லதென்று நினைத்தவரும் இல்லை. பண்டிகை நாட்களில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

நெருங்கிய பழக்கம் இருப்பவனால்தான் நெருங்கி அடிக்கவும் முடியும். ஜெங் சியா ஜியாங்நிங்கில் (இன்றைய நான்ஜிங்) வாங்கிடம் படித்தவர். 1074இல் தலைநகரின் ஒரு வாயிலில் காவல் அதிகாரி. கடும் பஞ்சம், வடக்கிலிருந்து பிழைக்க வழியில்லாத ஜனங்கள் அந்த வாயில் வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். தினம் கண்ணால் பார்த்ததைப் படமாக வரையச்செய்து மனுவோடு அனுப்பினார். வழக்கமான அலுவலகம் வாங்கிக்கொள்ள மறுத்தது. அதனால் எல்லை அவசரச் செய்திபோல அஞ்சல் குதிரையில் ஏற்றிப் பேரரசருக்கே போய்ச் சேரும்படி செய்தார். ஷென்சொங் அன்றிரவு தூங்கவில்லை என்கிறது வரலாறு. அந்த வருடம் வாங் பதவியிலிருந்து இறங்கினார் (அடுத்த வருடம் திரும்பி வந்து, 1076இல்தான் கடைசியாக விலகினார்). குருவை இறக்கியது சீடன் அனுப்பிய படம். அடுத்து, வாங் கைதூக்கி வளர்த்த லூ ஹுய்சிங், ஜெங் சியா வழக்கை வைத்தே வாங்கின் தம்பி அன்குவோவின் பதவியைப் பறிக்க வழி செய்தார்.

இந்த வலை ஒரு போலீஸ் விசாரணையில் எப்படிப் பயன்படும் என்று பார்க்க 1079க்கு வரவேண்டும். சு ஷி அப்போது ஹுஜோவில் ஆட்சியர். பதவி கொடுத்ததற்கு நன்றி சொல்லி எழுதும் சம்பிரதாய மடலில், புதிதாக மேலே வந்தவர்களோடு தன்னால் ஈடுகொடுக்க முடியாது என்று கொஞ்சம் குத்தலாக எழுதிவிட்டார். லி திங், ஷு தான் முதலிய தணிக்கை அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். தணிக்கை மன்றத்து மரங்களில் காக்கைகள் அடையுமாம். அதனால் அதற்குக் ‘காக்கை மேடை’ என்று பெயர், வழக்குக்கும் அதுவே பெயர். கைது செய்ய ஆள் கிளம்பும் செய்தியைப் பேரரசரின் சகோதரியை மணந்த வாங் ஷென் முந்திக்கொண்டு சு ஜவுக்குச் சொல்ல, தம்பி அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். வழியில் குடும்பத்தார் இருந்த படகைச் சோதனை போட்டார்கள். சோதனைக்காரர்கள் போனதும் வீட்டுப் பெண்கள் ஆத்திரத்தில் சு ஷியின் எழுத்துகளில் பெரும்பகுதியைத் தீ வைத்துவிட்டார்கள்.

ஆனால் கவிதை என்பது அந்த வட்டத்தில் தனியாக எழுதிப் பெட்டியில் பூட்டுகிற பொருள் அல்லவே. நண்பருக்கு அனுப்புவார்கள், அவர் அதே எதுகையில் பதில் எழுதுவார். ஆகவே சாட்சியங்கள் நண்பர்கள் வீட்டில் பத்திரமாக இருந்தன. யார் யாருக்கு எப்போது எதை அனுப்பினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விசாரணை ஏடே சு ஷியின் முகவரிப் புத்தகமாகிவிட்டது. ஏறக்குறைய நாலரை மாதச் சிறைக்குப் பின் அவரை ஹுவாங்ஜோவுக்கு அனுப்பினார்கள். வாங் ஷென் பதவிகளை இழந்தார். வாங் கொங் என்ற நண்பர் தெற்கே பின்ஜோவரை போகவேண்டியிருந்தது. சிமா குவாங் உட்படப் பலருக்குச் செம்பில் அபராதம். கவிஞர் ஹுவாங் திங்ஜியானுக்கும் 20 ஜின் (சீன எடை அளவு) செம்பு. அவரும் சு ஷியும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை! முந்தைய வருடம்தான் கடிதத்தில் அறிமுகம். நேரில் சந்தித்தது 1086இல்.

காப்பாற்றியவர்களும் அதே வலையில்தான் இருந்தார்கள். வாங் அன்ஷியின் இன்னொரு தம்பி வாங் அன்லி பேரரசரிடம் பரிந்து பேசினார். தலைமை அமைச்சர் வாங் குய், மரத்தின் வேரைப் பற்றிய கவிதையில் சு ஷி பாதாளத்து டிராகனைப் பாடியது ராஜத்துரோகம் என்று காட்டியபோது, சீர்திருத்தக் கட்சியின் ஜாங் துன் குறுக்கிட்டு, டிராகன் என்று அரசரை மட்டுமா சொல்வார்கள் என்றார். வெளியே வந்ததும், ஒரு குடும்பத்தையே அழிக்கப் பார்க்கிறீர்களா என்று வாங் குய்யைப் பிடித்துக்கொண்டார். ஷு தான் சொன்னதைத்தான் சொன்னேன் என்றாராம் அவர். “ஷு தானின் எச்சிலையும் தின்பீர்களோ?” என்றார் ஜாங் துன்.

சு ஷியும் ஜாங் துன்னும் இளைஞர்களாக ஷான்சியில் வேலை பார்த்தபோது மலை ஏறப் போனார்கள். கிடுகிடு பள்ளம், குறுக்கே ஒற்றைப் பலகை. சு ஷி மாட்டேன் என்றார். ஜாங் துன் நிதானமாகத் தாண்டிப் போய், கயிற்றில் இறங்கி, எதிர்ப்பாறையில் மையால் ‘சு ஷியும் ஜாங் துன்னும் வந்தார்கள்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினார். சு ஷி அவர் முதுகைத் தட்டி, “நீ ஒருநாள் ஆளைக் கொல்லக்கூடியவன்” என்றார். ஏன் என்றதற்கு, “தன் உயிரைத் துச்சமாக நினைப்பவன் பிறர் உயிரையும் அப்படித்தான் நினைப்பான்.”

ஷென்சொங் இறந்தபின் 1085இல் காற்று திரும்பியது. சிமா குவாங் வந்து சீர்திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார். பழைய முறைக்கு ஐந்து நாளில் திரும்பவேண்டும் என்று அவர் கெடு வைத்தபோது, சொன்னபடி முடித்துக் காட்டிப் பாராட்டு வாங்கிய தலைநகர் ஆட்சியர் சாய் ஜிங். பெயரை நினைவில் வையுங்கள். வென்ற பக்கம் உடனே உள்ளுக்குள் மூன்றாகப் பிளந்தது. லுவோயாங் ஊரார், சிச்சுவான் ஊரார், வடக்கத்தியார் என்று ஊர்ப்பெயர்களாலேயே அழைத்தார்கள். சு ஷிக்கும் தத்துவ ஆசான் செங் யிக்கும் தகராறு முளைத்தது சிமா குவாங்கின் சாவு வீட்டில். அன்று அரசவையில் மங்கலச் சடங்கு. முடிந்ததும் அதிகாரிகள் துக்கம் கேட்கப் புறப்பட்டார்கள். அழுத நாளில் கன்பூசியஸ் பாடமாட்டார் என்ற வரியைச் சொல்லிச் செங் யி தடுத்தார். பாடிய நாளில் அழமாட்டார் என்று எங்கும் இல்லையே என்றார் ஒருவர். சு ஷி அதன்மேல் ஒரு கேலி உதிர்க்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செங் யியின் மாணவர்கள் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. சு ஷி தயாரித்த தேர்வு வினா ஒன்றில் குற்றம் கண்டு மனு மேல் மனு போட்டார்கள். தத்துவ வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் பற்றவைத்த நெருப்பு அவமானம்தான்.

1088இல் சு ஷியே தலைமைத் தேர்வாளர். தன் சீடன் லி ஜியுடையது என்று அவர் நம்பிய தாளுக்கு முதலிடம் கொடுத்ததாகச் சொல்வார்கள். பிரித்தால், அது ஜாங் துன்னின் மகன் ஜாங் யுவான். லி ஜி தேறவே இல்லை. 1057இல் ஓயாங் செய்த அதே பிழை, திசை மட்டும் வேறு.

1094இல் ஜாங் துன் தலைமை அமைச்சரானார். இந்த முறை காப்பாற்றும் வேலை இல்லை. சு ஷி ஹுய்ஜோவுக்கும், 1097இல் கடல் தாண்டி ஹாய்னான் தீவுக்கும் போனார். சு ஜ தென்கோடி லெய்ஜோவுக்கு. அரசு விடுதி மறுக்கப்பட்டதால் வாடகைக்கு வீடு எடுத்தார். அதையும் அபகரிப்பு என்று ஜாங் துன் வழக்காக்கினார், வாடகைச் சீட்டு இருந்ததால் சு ஜ தப்பினார். 1101இல் சக்கரம் சுற்றி, ஜாங் துன்னையே லெய்ஜோவுக்கு அனுப்பினார்கள். அவர் வாடகைக்கு வீடு கேட்டபோது ஊர்க்காரன் சொன்னது: முன்னே சு ஐயாவுக்குக் கொடுத்ததற்கு ஜாங் அமைச்சர் எங்கள் குடியையே கெடுக்கப் பார்த்தார், இனிமேல் முடியாது.

அப்போது சு ஷி மன்னிப்புப் பெற்று வடக்கே வந்துகொண்டிருந்தார், நோயாளி. அவர் திரும்ப அதிகாரத்துக்கு வருவார் என்று ஊரே பேசியது. ஜாங் யுவான் அப்பாவுக்காகப் பயந்து பழைய தேர்வாளருக்கு நீண்ட கடிதம் எழுதினார். சு ஷியின் பதில் கிடைத்திருக்கிறது: அமைச்சரோடு எனக்கு நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட நட்பு, நடுவில் போன வழி கொஞ்சம் வேறானாலும் நட்பில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. லெய்ஜோ தட்பவெப்பம் அவ்வளவு மோசமில்லை, என் தம்பி ஒரு வருடம் சௌகரியமாகவே இருந்தான் என்றும் எழுதி, கூடவே ஒரு மருந்துக் குறிப்பும் வைத்தார். அதே வருடக் கோடையில் இறந்துபோனார். இதைப் பெருந்தன்மை என்பவர்கள் உண்டு. தம்பி பற்றிய வரியில் ஒரு சின்ன ஊசி இருப்பதாகவும் எனக்குப் படுகிறது.

கடைசிக் கட்டம் பட்டியல். 1102இல் பேரரசர் ஹுய்சொங்கின் கீழ் சாய் ஜிங் தலைமைக்கு வந்தார். அவர் தம்பி வாங் அன்ஷியின் மருமகன். எதிர்க்கட்சியார் என்று ஏறக்குறைய 120 பேரைக் கல்லில் வெட்டினார்கள். 1104இல் அது 309 ஆனது. அவர்கள் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் தலைநகரில் இடமில்லை, அரச குடும்பம் அவர்கள் வீட்டில் சம்பந்தம் செய்யக் கூடாது. உறவு வலையை உறவு வலை வழியாகவே அறுப்பது. இந்த 309 பேரில் இருப்பவர்கள் சிமா குவாங், சு ஷி போன்றவர்கள் மட்டும் அல்ல. ஜாங் துன் இருக்கிறார். ஸெங் பு இருக்கிறார். வாங் அன்ஷியின் மாணவர் லு தியான் இருக்கிறார். சாய் ஜிங்குக்கு வேண்டாதவர் யாரானாலும் ‘பழைய கட்சி’ என்று ஆகிவிட்டது.

கொள்கையா, கோஷ்டியா என்ற கேள்விக்கு 1070இல் ஒரு பதில், 1104இல் வேறு பதில் என்று நான் சொல்வது இதனால்தான். வாங்கும் சிமாவும் மோதியபோது நண்பர்கள் கொள்கைக்காகப் பிரிந்தார்கள். முப்பது வருடம் மாறி மாறி வஞ்சம் தீர்த்தபின் கொள்கை கரைந்து, பெயர்ப் பட்டியல் மட்டும் மிஞ்சியது. சொங் காலம் உட்பட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பிரமுகர்களின் உறவுகளை ஏற்றிய தரவுத்தளம் இப்போது இருக்கிறது. அதில் யாருக்கும் யாருக்கும் நொடியில் கோடு போடலாம். ஆனால் அந்தக் கோடு 1079இல் அணைத்ததா, 1094இல் கழுத்தை இறுக்கியதா என்பதைக் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

பட்டியலை எல்லா ஊரிலும் கல்லில் வெட்ட உத்தரவு போனபோது, சாங்ஆனில் அன் மின் என்ற கல்தச்சர் மறுத்தார். நான் படிக்காதவன், ஆனால் சிமா குவாங் நேர்மையானவர் என்று ஊரெல்லாம் சொல்கிறது, அவரைக் கெட்டவர் என்று வெட்ட எனக்குக் கை வரவில்லை என்றார். தண்டனை என்று மிரட்டியதும் அழுதுகொண்டே ஒன்று கேட்டார்: கல்லின் கடைசியில் வெட்டியவன் பெயர் போடுவார்களே, என் பெயரை மட்டும் போடாதீர்கள். 1106இல் வால்நட்சத்திரம் தெரிந்து, அபசகுனம் என்று கற்களை உடைத்தார்கள். இன்று குய்லின் நகரில் லோங்யின் பாறையில் அதே 309 பெயர்களைப் பார்க்கலாம். அது சாய் ஜிங் வெட்டியது இல்லை. 1198இல், பட்டியலில் இருந்த லியாங் தாவோவின் வழிவந்த ஒருவர், எங்கள் பெரியவர் இதில் இருக்கிறார் என்று காட்டுவதற்காகத் திரும்ப வெட்டச் சொன்னது.